துறை மாற்றிக் குளித்தவர்கள்

“உங்க வீட்டுல சின்ன வயசுலயே திடீர்னு இறந்தவங்க யாராவது உண்டா?” என்று இதய மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். யோசிக்கக்கூட இல்லை. ரேஷன் கடையில் சீனி உண்டா என்று கேட்டால் தலையைத் தூக்காமல் இல்லை என்பார்களே, அந்த வேகத்தில் சொன்னேன்.

எனக்கும் மனைவிக்கும் நடுவில் மகள் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. பள்ளி மைதானத்தில் கோ-கோ ஆடும்போது, ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே முகம் குப்புற விழுந்துவிட்டாள். அரை நிமிடம் இருக்கும் என்றார்கள். பிறகு எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, “யாரு ஜெயிச்சா?” என்று கேட்டாளாம். வெறும் வயிற்றோடு வந்திருப்பாள் என்று ஆசிரியை குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து அனுப்பினார். என் மனைவிக்குத்தான் மனம் ஆறவில்லை. அன்றைக்கு மகள் வழக்கத்தைவிட இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தாள். அந்த இரண்டு இட்லிதான் எங்களைப் பாளையங்கோட்டையில் இந்த அறை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

“உங்க அண்ணன்?” என்றாள் மனைவி, என் பக்கம் திரும்பாமல்.

“அவன் ஆத்துல போனவன். நோயில போகலை.”

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். “அவருக்கு நீச்சல் தெரியுமா?”

தெரியும். பதினாலு வயதில் கல்லிடைக்குறிச்சி ஆற்றை அக்கரைக்கும் இக்கரைக்கும் அளந்தவன். ஆற்றில் வெள்ளமும் இல்லை, சுழியும் இல்லை. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. நாற்பது வருடமாக யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நீச்சல் தெரிந்தவன் எப்படி முங்கினான் என்று நானும் கேட்டதில்லை.

“வேற யாராவது தண்ணியில?”

அம்மாவின் தம்பி, மாமா. நான் பிறப்பதற்கு முன்னால். அதே ஆறு.

“தண்ணி இல்லாம, ஓடும்போது, பயந்தபோது, விழுந்து எந்திரிக்காதவங்க?”

அம்மாவின் தங்கை, சித்தி. மொட்டை மாடியில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. மழை வந்தது. இடி இடித்தது. அள்ள ஓடியவள் பாயின் மேலேயே விழுந்தாள். காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். அடித்தது காற்று என்பதால் அதுவும் எங்கள் கணக்கில் நோய் இல்லை.

மருத்துவர் படம்போட்டு விளக்கினார். சில இதயங்கள் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் தயாராவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளுமாம். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓடினால், நீந்தினால், திடுக்கிட்டால், சில சமயம் தாளம் சிதறிவிடும். தரையில் சிதறினால் மயக்கம். தானாகவே திரும்பிவிட்டால் பிழைப்பு. தண்ணீருக்குள் சிதறினால் திரும்பி வர நேரம் கிடைக்காது. ரத்த வழியாக இறங்கும் கோளாறு. மகளின் ஈசிஜி எல்லைக் கோட்டில் நிற்கிறது. உண்டு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

“ரத்தப் பரிசோதனைக்கு வெளியூர் அனுப்பணும், வர நாளாகும். அதுக்கு முன்னால நான் முடிவெடுக்கணும். உங்க வீட்டுல போனவங்க எப்படிப் போனாங்கன்னு சரியா விசாரிச்சுட்டு வாங்க. என்ன வயசு, என்ன செஞ்சிட்டிருந்தாங்க, கூப்பிட்டாங்களா, முன்னாடி மயங்கியிருக்காங்களா. அதுவரைக்கும் இவ ஓடவே கூடாது. உங்க அப்பாவோட பழைய ஈசிஜி ஏதாவது இருக்கா?”

அப்பா ஆறு வருடம் முன்பு சிறுநீரகம் பழுதாகி இறந்தார். தடித்த ஒரு கோப்பு நிறையச் சீட்டுகள் இருந்தன. “பதினாறு கழிச்சு பாபநாசத்துல துணிமணியோட சேத்து ஆத்துல விட்டுட்டேன்” என்றேன்.

மருத்துவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “எல்லாரும் அதைத்தான் செய்றாங்க” என்றார்.

வெளியே வந்ததும் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, ஒண்ணும் இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க. அடுத்த மாசம் மாவட்டப் போட்டி.”

நானும் அதற்குத்தான் புறப்பட்டேன். ஒன்றும் இல்லை என்று கண்டுபிடிக்க.

எங்கள் பக்கத்தில் இறந்தவர்களைத் தேடுவது எத்தனை சிரமம் என்று அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டேன். துக்கக் கடிதம் வந்தால் வாசித்த கையோடு கிழித்து வெளியே போட்டுவிட வேண்டும். வீட்டில் தங்கக் கூடாது. பாய், தலையணை, மருந்து, சீட்டு எல்லாம் ஆற்றுக்கு. பாபநாசத்தில் பாறை இடுக்குகளில் சிக்கி நிற்கிற வேட்டிகளையும் சேலைகளையும் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், இந்த ஆறு எத்தனை வீட்டுப் பீரோக்களைச் சுமக்கிறதென்று. அதனடியில் எங்கேயோ அப்பாவின் இதயம் கோடு கோடாக ஊறிக் கரைந்து போயிருக்கும். நான்தான் விட்டேன், என் கையால், மூன்று முறை முங்கி, திரும்பிப் பாராமல் கரையேறி. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

மாமாவைக் கொண்டுபோன அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். அத்தனை பழைய பதிவேடுகள் இல்லை என்றார்கள். கோபம் வரவில்லை. வைத்திருக்க வேண்டிய வீடே வைத்திருக்கவில்லை.

அம்மாவைத்தான் கேட்டிருக்க வேண்டும். எங்களோடுதான் இருக்கிறாள். எண்பதை நெருங்குகிறாள். ஆனால் அண்ணனைப் பற்றி அம்மாவிடம் கேட்பது அப்பாவைப் பற்றிக் கேட்பது. அண்ணன் முங்கியபோது துறையில் அப்பா நின்றிருந்தார். வேட்டியைப் பிழிவதற்காகத் திரும்பி நின்றார். அம்மா அதன்பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில், ஒரே அடுக்களையில் பொங்கி, என் வழியாகவே பேசினாள். “சாப்பாடு ஆயிட்டுன்னு உங்க அப்பாகிட்ட சொல்லு.” அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் சொல்வேன். அவர் எழுந்து கை கழுவுவார். எனக்குக் கல்யாணமாகி வந்த என் மனைவி, ஒரு வாரம் இதைப் பார்த்துவிட்டு, “உங்க வீட்டுல தபால்காரர் வேலை உங்களுக்கா?” என்று கேட்டாள். சிரித்தேன். பிறகு அந்த வேலையில் பாதியை அவளும் ஏற்றுக்கொண்டாள்.

அதனால் கல்லிடைக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன்.

மாமாவோடு அன்றைக்கு ஆற்றில் நீந்தியவர் இன்னும் இருந்தார். அப்பளக் கம்பெனி வைத்திருந்த அண்ணாச்சி. இப்போது மகன் பார்க்கிறார். அண்ணாச்சி உளுந்து மாவு வாசத்துக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களை வம்புக்கிழுக்கிறார். யார் மகன் என்று சொன்னதும் முகம் மாறியது.

“உம்ம அம்மை வீட்டு ஆளு எவனும் இந்தப் படி மிதிச்சு அறுவது வருசம் ஆவுது. வழி தெரிஞ்சுதா, இல்லை கேட்டு வந்தீரா?”

“கேட்டுத்தான் வந்தேன் அண்ணாச்சி.”

“இரும். அப்பளம் வாங்க வரலைன்னு தெரியுது. என்ன விசயம்வே?”

மாமா போன அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னேன். மாவு உருட்டுகிற பெண்களைப் பார்த்தபடியே சொன்னார்.

“போட்டி போட்டு நீந்துவோம். அவன்தான் முந்துவான். அன்னைக்கும் எனக்கு ரெண்டு ஆள் நீளம் முன்னால போயிக்கிட்டிருந்தான். ஏலே, பைய போலேன்னு சத்தம் போட்டேன். திடீர்னு கை நின்னுட்டு. அவ்வளவுதான். முங்கி விளையாடுதாம்னு நெனச்சேன்.”

“கூப்பிட்டாரா? கையைத் தூக்கினாரா?”

“கூப்பிடலைவே. அதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கலை. முங்குதவன் கத்துவான், தண்ணிய அடிப்பான், பக்கத்துல இருக்கவன் கழுத்தைக் கட்டுவான். இவன் சொல்லிக்கிடாமப் போயிட்டான்.”

“அதுக்கு முன்னால எப்பவாவது மயங்கி விழுந்திருக்காரா?”

“ஒருக்கா தேர் இழுக்கையில விழுந்தான். விரதம்னு வெறும் வயித்தோட வந்தான். சோடா வாங்கிக் குடுத்தோம். எந்திரிச்சு மறுபடியும் வடத்தைப் பிடிச்சான். எமகாதகன்.” சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டார்.

சோடா. குளுக்கோஸ். வெறும் வயிறு என்று சொல்லிச் சொல்லியே ஒரு குடும்பம் அறுபது வருடத்தைக் கடத்தியிருக்கிறது.

எதற்குக் கேட்கிறேன் என்று சொன்னேன். மகளைப் பற்றிச் சொன்னேன். அண்ணாச்சி கேட்டுவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, துடைத்ததற்காகவே கோபப்பட்டவர் மாதிரி அதட்டினார்.

“நான் பிடிச்சு அமுக்கிட்டேன்னு உம்ம தாத்தா சொன்னாருவே. போட்டியில தோத்த ஆத்திரத்துல அமுக்கிட்டேன்னு. ஊர் நம்பலை. ஆனா என் அப்பா ஒரு வருசம் எங்கூடப் பேசலை. உம்ம அம்மைகிட்ட போய்ச் சொல்லும். அவனை நான் அமுக்கலை.”

திரும்பும்போது ஆற்றுக்குப் போனேன். மாமா போன பிறகு எங்கள் தாத்தா செய்தது இதுதான்: அந்தத் துறை ஆகாது என்று சொல்லி, வீட்டார் குளிக்கிற துறையை மாற்றினார். மேற்கே, அடுத்த படித்துறை. சித்தி போன பிறகு அப்பளம் காயப்போடுகிற இடத்தை மாற்றினார். மொட்டை மாடி வேண்டாம், பின்கட்டு முற்றம் போதும். அண்ணன் போனது அந்த மாற்றிய துறையில்தான். அதன்பிறகு, அப்பாவின் காரியத்துக்கு நான் முங்கியதைத் தவிர, எங்கள் வீட்டில் யாரும் ஆற்றில் இறங்கவில்லை. இடத்தை மாற்றினால் போதும் என்று எல்லாரும் நம்பினார்கள். ஆறும் படியும் மாடியும் குற்றவாளிகளாக நின்றன. அண்ணாச்சியும். அப்பாவும்.

நான் போனபோது அந்த இரண்டாம் துறையில், வெயிலில், ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளிவாக ஓடியது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லாமல் போனது. கோபம் இருந்த இடத்தில் வேறொன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மருத்துவர் சொன்னபடி ஒரு தாளில் எழுதினேன். மாமா: பதினெட்டு வயது, நீந்தும்போது, கூப்பிடவில்லை, முன்பு ஒரு மயக்கம். சித்தி: பதினேழு, ஓடும்போது, இடிச் சத்தம். அண்ணன் என்று எழுதிவிட்டுப் பேனா நின்றது. அண்ணனுக்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. நான்தான் சாட்சி.

எனக்குப் பத்து வயது. படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தேன். நடு ஆற்றில் அவன் முகம் தண்ணீருக்குள் கவிழ்ந்திருந்தது, கீழே விழுந்த எதையோ தேடுகிறவன் போல. மூச்சடக்குகிறான் என்று நினைத்தேன். அவனுக்கு அது பழக்கம். நான் எண்ண வேண்டும், ஐம்பது வரைக்கும் போவான். எண்ணினேன், சத்தமாக. முப்பதில் சிரித்தேன். நாற்பதில் கை தட்டினேன். அப்பா எனக்கு நாலு படி மேலே, முதுகைக் காட்டி வேட்டி பிழிந்துகொண்டிருந்தார். என் எண்கள் அவர் காதில் விழுந்திருக்கும். விழாமல் இருக்க முடியாது.

வீட்டுக்குத் தூக்கி வந்த பிறகு அம்மா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “எங்க பாத்துட்டு நின்னிய? எங்க பாத்துட்டு நின்னிய?” அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். “பாக்கலை.” சின்னவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், எண்ணிக்கொண்டு இருந்தான் என்று சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, சாகும்வரையும் சொல்லவில்லை. அவருக்காக நான் கொண்டுபோன தகவல்களில் அந்த ஒன்று மட்டும் இருந்ததில்லை.

தாளில் எழுதினேன்: அண்ணன், பதினாலு, நீந்தும்போது, கூப்பிடவில்லை. நேரில் பார்த்தவர் தம்பி.

மருத்துவர் தாளை இரண்டு முறை வாசித்தார். “மூணு பேர்” என்றார் மெல்ல. மூன்றும் அம்மா வழி. என் ஈசிஜியும் எடுத்தார்கள். அதில் இடைவெளி கொஞ்சம் நீளம்தான். அண்ணன் போனபின் என்னைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை, நீச்சல் பழகவில்லை, எந்த ஓட்டத்திலும் நான் இல்லை. தப்பியது அப்படித்தான் இருக்கும், அல்லது சும்மா தப்பியிருப்பேன், இப்படிக் கடைசிவரை ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு என்றார். “அம்மாவையும் கூட்டிட்டு வாங்க.”

அம்மா மறுத்தாள். “ஏலே, எனக்கு எண்பது ஆவப் போவுது. இனிமே என் நெஞ்சைப் படம் எடுத்து நீ எங்க மாட்டப் போற?”

மகள்தான் கையைப் பிடித்தாள். “ஆச்சி, எனக்காக. உங்களை அங்க படுக்கவச்சு சட்னி இல்லாத இட்லி தர மாட்டாங்க, பயப்படாதீங்க.”

“ஏட்டி, உன் வாயி இருக்கே” என்று முணுமுணுத்தபடி செருப்பைத் தேடினாள்.

நீளத்தாளில் அம்மாவின் இதயம் வந்தது. மருத்துவர் இரண்டு முனைக் கருவியை வைத்து அளந்தார். எங்கள் எல்லாரையும்விட அவளுக்குத்தான் இடைவெளி நீளம். அம்மா ஒருநாளும் நீந்தியதில்லை. அவள் காலத்துப் பெண்கள் படியில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வதோடு சரி. தம்பி போய், தங்கை போய், மகன் போய், அதை இத்தனை வருடம் நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் இட்லி ஊற்றியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், மௌனமாக இருந்திருக்கிறாள்.

“என்னம்மா அளந்தீக?” என்று மருத்துவரைக் கேட்டாள். எதையும் மறைக்க வேண்டாம் என்று முன்பே பேசிக்கொண்டிருந்தோம். பேத்திக்கு ஏன் மருந்து என்று தெரியாமல் அவள் ஒரே வீட்டில் இருக்க முடியாது. மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். அம்மா முழுவதும் கேட்டாள்.

“அப்போ என் வயித்து வழியாத்தான் போயிருக்கு.”

“அது யாரோட குத்தமும் இல்லம்மா.”

“அவிய திரும்பி நிக்காம, பாத்துட்டே நின்னிருந்தா?”

“பாத்திருந்தாலும், அந்தக் காலத்துல என்ன செய்யணும்னு அங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா.”

ஆட்டோவில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அண்ணாச்சி சொல்லியனுப்பியதைச் சொன்னேன். “தெரியும்” என்றாள், அவ்வளவுதான். முருகன்குறிச்சி தாண்டியதும் சொன்னாள்: “அவிய மேல உள்ள கோவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் நடமாடுனேன். அதையும் நீ பிடுங்கிட்ட. இப்ப நான் என்னத்தைப் பிடிக்க?”

நான் எண்ணியதை அப்போது சொல்லியிருக்கலாம். கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கும். வாய் வரவில்லை. பக்கத்தில் மகள் இருந்தாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

மருத்துவர் முடிவெடுத்துவிட்டார். நெஞ்சுக்குள் கருவி வைப்பது இப்போது வேண்டாம், ஆனால் மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. அதையும் மீறி மயங்கினால் கருவி. ஓட்டம் இல்லை, நீச்சல் இல்லை, தலைமாட்டில் அலாரம் இல்லை. மகள் கோ-கோ சீருடையை மடித்துப் பள்ளித் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்து வரச் சொன்னவள் அவள்.

இப்போது காலையில் அம்மா, நான், மகள் மூன்று பேரும் ஒரே மாத்திரையை விழுங்குகிறோம். அளவுதான் வேறு. அம்மாவுக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது.

“ஆச்சி, நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கீங்க. வாயைத் திறங்க.”

“ஏட்டி, போ அங்கன. பெரிய டாக்டரம்மா.”

“திறங்க ஆச்சி.”

அம்மா வாயைத் திறந்து காட்டினாள். மகள் எட்டிப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள்; ஓடாமல், வாசல்வரை நடந்து. அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு அம்மா காலியான மாத்திரை அட்டையை எடுத்துக் கையில் புரட்டினாள். சின்ன அட்டை, மலிவான மருந்து.

“ஏலே, இந்த மாத்திரை அப்பவே இருந்துதா? உங்க அண்ணன் இருக்கையில?”

இதே கேள்வியை நான் மருத்துவரிடம் கேட்டிருந்தேன், யாரும் இல்லாதபோது. இருந்தது என்று சொல்லியிருந்தார். இந்த வகை மருந்து அப்போதே மருந்துக்கடைகளில் கிடைத்தது, ரத்தக் கொதிப்புக்காரர்கள் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், கேட்பதற்குத்தான் யாருக்கும் தெரியவில்லை.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா” என்றேன். “இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க.”